தானே நின்றுவிடும் கணினி

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால் நாம் முதலிற் செய்வது கோபங்கொள்வது. அடுத்துச் செய்வது யார்மீதாவது பழிபோடுவது. அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது மூன்றாவதாகத்தான். இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால் எத்தனையோ குடும்பங்களிற் பணமும் மிஞ்சும், மனநிம்மதியும் மிஞ்சும். இக்கிழமை நாம் எடுத்துக்கொண்ட விடயம், வேலை செய்துகொண்டிருக்கும்போதே விளக்கை ஊதி அணைத்தாற்போல் நின்றுவிடுகிற மேசைக் கணினியாகும்.

கோண்டாவிலில் எமது அயல்வீட்டிலே, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்பப்பா காலஞ்சென்ற ஆசிரியர். ஊரின் குளங்கள், கேணிகள், கோயில்கள், பழைய ஒழுங்கைகள் ஆகியவற்றின் கதைகளையெல்லாம் பல ஆண்டுகளாகக் கொப்பிகளில் எழுதிவைத்திருந்தார். கறையான் தின்றவை போக எஞ்சிய கொப்பிகளைப் பார்த்து, எட்டு மாதமாகப் பேத்தி கணினியிலே தட்டெழுதி வந்தாள். ஆண்டுத் திவசத்தன்று அதனை நூலாக்கிச் சுற்றத்தாருக்குக் கொடுக்க வேண்டுமென்பது வீட்டாரின் விருப்பம். இருநூறு பக்கங்கள் நிறைவெய்தும் வேளையிலேதான் கணினிக்கு இந்நோய் வந்தது. அவ்விருநூறு பக்கங்களுக்கும் வேறெங்கும் பிரதி இல்லை.

"மாமா, கொம்பியூட்டர் திரும்பவும் நிண்டு போச்சு. இனி அதைப் போடவே பயமாய்க் கிடக்கு" என்று ஒருநாள் பிற்பகல் அப்பிள்ளை கண்கலங்க எம்மிடம் வந்து நின்றாள். பழுதுபார்ப்பவர் ஒருவரோ பெட்டியைத் திறந்தும் பாராமல், "பழைய மெசின், புதிசு ஒண்டு எடுங்கோ" என்று கூறிவிட்டாராம். தாயார் காப்பொன்றை அடகுவைக்கும் எண்ணத்துடன் நகைப்பெட்டியையும் எடுத்துவிட்டார்.

நாம் போய்ப் பார்த்தோம். பார்த்தவுடனே, "இது மின்சாரத்தின் குற்றம்" என்று தீர்ப்பும் கூறினோம். யாழ்ப்பாணத்தவருக்கு அந்த எண்ணம் முதலில் எழுவதில் வியப்பில்லை. 1990ஆம் ஆண்டின் பின்னர் பல ஆண்டுகள் இக்குடாநாடு மின்சாரமின்றி வாழ்ந்தது. ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் படித்தவர்களும், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் இன்றும் எம்மிடையே இருக்கின்றனர். 2022ஆம் ஆண்டு நாடெங்கும் நிகழ்ந்த நீண்ட மின்வெட்டையும் எவரும் மறந்திலர். ஆகவே எமது வீட்டு யூ.பி.எஸ். கருவியைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, பெருமிதத்துடன் வீடு திரும்பினோம். மறுநாட் பிற்பகல் இரண்டு மணிக்குக் கணினி மீண்டும் நின்றது. யூ.பி.எஸ்.சின் விளக்கு மாத்திரம் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது!

எமது தீர்ப்புப் பிழைத்த அவ்வேளையில், திண்ணையில் இருந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பாச்சி ஒன்று கூறினார்: "தம்பி, அது மத்தியானத்திலைதானே நிக்குது. விடியப்புறம் பிள்ளை எழும்பியிருந்து அடிக்கேக்கை நிக்கிறேல்லையே."

கணினியைத் தொட்டறியாத அம்மூதாட்டி கூறியதே நோயின் முதல் அடையாளம். உடனே பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, மூன்று நாட்களுக்கு நான்கு விடயங்களைக் குறிக்கச் சொன்னோம். எத்தனை மணிக்கு நின்றது? தொடங்கி எத்தனை நிமிடத்தில் நின்றது? அப்போது என்ன வேலை நடந்தது? முற்றாக இருண்டதா, அல்லது தானே மீண்டும் தொடங்கியதா? இக்கேள்விகளுக்குச் செலவு எதுவுமில்லை. ஆயினும் இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கப்படும் உதிரிப்பாகங்கள் பெரும்பாலும் வீண்செலவே.

விடை தெளிவாக வந்தது. காலையிலும் இரவிலும் கணினி நிற்கவில்லை. பிற்பகலில் அரைமணி நேரத்துள் முற்றாக இருண்டது. நின்றவுடன் மீண்டும் போட்டால் சில நிமிடங்களில் நின்றது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் முன்போல் ஓடியது. இது வெப்பத்தின் குணம் என்பதை மாணவர்கள் ஊகித்திருப்பர்.

புரொசெசர் எனப்படும் மூளைச் சில்லு வேலை செய்யும்போது சூடாகும். அச்சூட்டை அதன்மேலுள்ள உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி அதனை வெளியே தள்ளும். அறையின் காற்று ஏழு பாகை கூடுதலாகச் சூடேறினால் சில்லின் வெப்பமும் ஏறத்தாழ ஏழு பாகை ஏறும். ஏப்பிரல் மாத நடுப்பகுதியில் சூரியன் எமது தலைக்கு நேராக நிற்கும் காலத்து, ஓட்டு வீட்டின் பிற்பகல் எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டுமா? பெரும்பாலான சில்லுகள் நூறு பாகை செல்சியசை அண்மிக்கையில் தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதன்பின்னும் வெப்பம் ஏறுமாயின், கணினி உடனே தன்னை நிறுத்திவிடும்.

இங்கே ஒன்றை உணர்தல் வேண்டும். கணினி நின்றது அதன் நோயன்று. தன்னைக் காத்துக்கொள்ள அது மேற்கொண்ட செயல். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதனால் நாடு முழுவதும் இருளடைந்ததை வாசகர் அறிவர். அன்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் இயந்திரங்களும் நின்றன. மின்வலையமைப்பின் சமநிலை குலையும்போது பேரியந்திரங்கள் எரிந்துபோகாமல் விலகிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. மேசைமேலுள்ள சிறிய பெட்டியிலும் அவ்வகை ஏற்பாடு உண்டு. ஆதலால் நின்ற கணினியை மீண்டும் மீண்டும் போட்டு வருத்துவது, காய்ச்சற்காரனை எழுப்பி வயலுக்கு அனுப்புவதை ஒக்கும்.

காரணம் தெரிந்த பின்னரும் நாம் பெட்டியைத் திறக்கவில்லை. மறுநாள் விடியற்புறம் ஐந்து மணிக்கு, குளிர்ந்த வேளையிற் கணினியைப் போட்டு, இருநூறு பக்கங்களையும் இரண்டு பென் டிரைவ்களிற் பிரதி எடுத்தோம். ஒன்று அவர்கள் வீட்டிலும் மற்றையது எமது வீட்டிலும் இருக்கட்டும் என்றோம். இதனை மிகையென்று எவரும் எண்ணவேண்டாம். 1981ஆம் ஆண்டு வைக்கப்பட்ட தீயில் எமது பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுள் வேறிடங்களிற் பிரதி இருந்தவை மீண்டும் கிடைத்தன. ஒரே பிரதியாய் இருந்த ஏடுகள் மீளவில்லை. 2005இல் இளைஞர் சிலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பிரதிசெய்து உலகுக்கு வழங்கி வருகின்றது. ஊருக்கு நூலகம் எப்படியோ, வீட்டுக்கு அப்பப்பாவின் கொப்பி அப்படியே. எந்தப் பழுதுபார்ப்புக்கும் முதற்படி பிரதி எடுத்தல்.

பின்னர்ப் பெட்டியைத் திறந்தோம். மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, எஞ்சிய மின் வடியும்பொருட்டு ஆளியை ஒருமுறை அமுக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பிறகே உள்ளே கைவைத்தோம். சோளகக் காற்று அள்ளிவந்த கோண்டாவிற் செம்மண் புழுதி, தகடுகளுக்கிடையே கம்பளிபோற் படிந்திருந்தது. விசிறி சுழன்றது, ஆனால் காற்றுப் போக வழியில்லை! விசிறியைச் சுழலாமற் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்தோம். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. பழக்கமில்லாத கை அதனைத் தொடலாகாது. ஆகையால் தொழில் தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்து, பழையதைத் துடைத்துப் புதுப்பசை ஒரு பயற்றளவு இடுவித்தோம். முன்னர் பயொஸ் திரையில் 92 பாகை காட்டிய வெப்பம், அன்று பிற்பகல் 54 பாகையில் நின்றது. செலவு சில நூறு ரூபா.

நிற்க. நின்றுபோகும் கணினிகளுக்கெல்லாம் புழுதியே காரணம் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறின், "எல்லாம் மின்சாரம்" என்ற எமது முதற் பிழையையே மறுபடியும் செய்தவராவோம். குறிகள் வேறாயின் காரணமும் வேறாகும்.

கணினி இருளாமல், நீலத்திரை காட்டியோ காட்டாமலோ தானே மீண்டும் தொடங்குமாயின், றாம் நினைவகத்தையும் மென்பொருளையும் ஐயுறுக. விண்டோசில், தானாக மீளத்தொடங்கும் ஏற்பாட்டை நிறுத்தினால், திரையிலுள்ள செய்தியை வாசிக்கலாம். றாமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுகைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் பூட்டுவதும் பயன் தரும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காரைநகர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இத்தொடுகைகளை விரைவிற் கெடுக்கும்.

கிணற்று மோட்டரைப் போடும் கணத்திலே கணினி நிற்குமாயின், மின்னழுத்தத் தாழ்வே முதலிற் பார்க்கவேண்டியது. யூ.பி.எஸ். இருந்தும் அவ்வாறாயின், அதன் பற்றரியின் வயதைப் பாருங்கள். வழக்கமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே அதன் ஆயுள். வெப்பத்தில் அதுவும் குறையும். செத்த பற்றரியுள்ள யூ.பி.எஸ். தானே நோய்க்குக் காரணமாவதும் உண்டு. அதனை விலக்கிவிட்டு, கணினியை நேரே சுவரிற் பூட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்.

கடுமையான வேலை கொடுத்த சில கணங்களில் நிற்பதாயின், 230 வோற்று மின்னை 12, 5, 3.3 வோற்றுகளாக மாற்றும் மின்வழங்கிப் பெட்டி தளர்ந்திருக்கலாம். அதனை மாற்றலாமேயன்றி, வீட்டில் எவரும் திறக்கலாகாது. கம்பியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே உயிராபத்தான மின் தங்கியிருக்கக்கூடும். போட்ட இரண்டொரு விநாடியிலே நிற்பதாயின், விசிறி பூட்டப்பட்டிருக்கிறதா, ஆளி அமுங்கியபடியே சிக்கியிருக்கிறதா, உள்ளே ஆணியேதும் கழன்று கிடக்கிறதா என்று பாருங்கள்.

எதனைச் செய்தாலும் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றிக் கணினி சுகப்பட்டால், எது நோய் என்பது தெரியாமலே போய்விடும். நோயையும் அதன் முதலையும் தேடிய பின்னரே மருந்து என்று வள்ளுவர் வகுத்த முறை, மனித உடலுக்கு மட்டும் உரியதன்று.

அயல்வீட்டுப் பிள்ளை இப்போது அச்சுப்படி திருத்திக்கொண்டிருக்கிறாள். தாயாரின் காப்பு கையிலேயே இருக்கிறது. கணினிப் பெட்டியின் பக்கத்தில் அக்கொப்பியும் நூல்கட்டித் தொங்குகிறது. மாதத்துக்கு ஒருமுறை புழுதி துடைத்த திகதியும், பிரதி எடுத்த திகதியும் அதிலே ஏறுகின்றன. நூலின் முன்னுரையில் எமக்கு நன்றி கூறப்போவதாக அவள் சொன்னாள். அதனை அப்பாச்சிக்குக் கூறும்படி கேட்டுக்கொண்டோம். நாம் பெட்டியைப் பார்த்தோம்; அவர்தாம் பொழுதைப் பார்த்தவர்.