உழைத்த உடம்புக்கும் ரத்தக் கொதிப்பு வரும்

தொண்டிக் கடற்கரையில் காலை ஏலம் முடிந்து ஆட்கள் டீக்கடை பெஞ்சில் உட்காரும் நேரத்தில் சர்க்கரை, பிரஷர் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "அதெல்லாம் உக்காந்து திங்கிறவனுக்கு வர்ற நோய். உப்புத்தண்ணியில ஊறின உடம்புக்கு என்ன வரப்போகுது?" நம்புதாளை, சோளியக்குடி, முள்ளிமுனை, காரங்காடு என்று கரை நெடுகக் கேட்கும் பேச்சுதான் இது. படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். கடல்காரன் உடம்பு வைரம் பாய்ந்த கட்டை; அவனுக்கு உழைப்பே உடற்பயிற்சி; தின்பது புது மீன்; அவனுடைய தாத்தா தொண்ணூறு வயது வரை வலை இழுத்தார். கேட்க இதமாக இருக்கிறது, உழைப்பவருக்கு மரியாதை தருவதுபோலவும் இருக்கிறது. ஆனால் இதை நம்பித்தான் கடலுக்குப் போகிறவர்கள் ஐம்பது வயதில் பக்கவாதம் வந்து படுக்கும்வரை கையை நீட்டி ஒருமுறைகூட ரத்தக் கொதிப்பை அளந்து பார்க்காமல் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கூற்றை அதன் ஒவ்வொரு காலாகப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் கால், உழைப்பே உடற்பயிற்சி என்பது. இதற்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1953-ல் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உடலை அசைப்பதற்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகம் எண்ணிப் பார்க்கத் தொடங்கியதே அந்த ஆய்வுக்குப் பிறகுதான். ஆனால் கண்டக்டரின் வேலை எப்படிப்பட்டது? படியேறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தணியும், டிக்கெட் கிழிக்கும்போது உடம்பு ஆறும். பாக் நீரிணையில் விசைப்படகில் போகிறவரின் இரவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மடியை இழுப்பது எஞ்சின், கயிற்றைச் சுற்றுவது விஞ்சு. ஆடும் தளத்தில் கால்களை ஊன்றி மணிக்கணக்கில் நிற்பது, மடி மேலே வந்ததும் சில நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துக் கொட்டுவது, பிறகு குந்தியபடியே இறாலையும் கணவாயையும் நண்டையும் பிரித்துப் பெட்டியில் போடுவது, அது முடிவதற்குள் அடுத்த மடி. இடையில் கிடைக்கும் தூக்கம் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அரைமணி, ஒருமணி. உடம்பு அலுத்துப்போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அலுப்பும் பயிற்சியும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை டென்மார்க்கில் எண்களாகவே காட்டியிருக்கிறார்கள். ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு கோபன்ஹேகன் பகுதியில் 1,04,046 பேரை ஏறத்தாழ 10 ஆண்டு பின்தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டது. ஓய்வு நேரத்தில் நடை, சைக்கிள், விளையாட்டு என்று உடலை அசைத்தவர்களுக்கு இதய நோயும் இறப்பும் குறைந்தன. வேலையில் மிகக் கடுமையாக உழைத்தவர்களுக்கோ மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகள் 35 சதவீதமும் இறப்பு 27 சதவீதமும் கூடுதலாக இருந்தன. ஹோல்டர்மன் தரும் விளக்கம் எளிமையானது. உடற்பயிற்சி என்பது அரைமணி, முக்கால்மணி நேரம் இதயத்தை வேகப்படுத்திவிட்டுப் பிறகு நன்றாக ஆறவிடுவது. கடும் வேலையில் அந்த வேகமும் போதாது, ஆறுதலும் கிடைக்காது. பத்து மணி நேரம் இதயத் துடிப்பு ஏறியபடியே நிற்கிறது. சுமை தூக்குவதும் ஒரே நிலையில் ஊன்றி நிற்பதும் ரத்த அழுத்தத்தை நாள் முழுக்க உயர்த்தி வைக்கின்றன. எப்போது நிறுத்துவது என்பதும் உழைப்பவர் கையில் இல்லை. வெயிலும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வாலிநோக்கம் உப்பளம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. உப்பு வாருவதைவிடக் கடினமான உழைப்பு இந்தக் கரையில் எது?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 17 நாடுகளில் 1,30,000 பேரைப் பின்தொடர்ந்து 2017-ல் வெளியான பியூர் ஆய்வில் இந்தியர்களும் இருந்தார்கள். வேலையிலும் வீட்டிலும் நடந்து திரிவதிலும் செலவாகும் உடலசைவும் இறப்பைக் குறைக்கிறது என்று அது சொன்னது. டென்மார்க் முடிவில் ஏழ்மையும் புகையிலையும் கலந்திருக்கலாம், என்னதான் கணக்கிட்டாலும் அவற்றை முழுதாகக் கழித்துவிட முடியாது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து வாசித்தாலும், உழைக்கிறவருக்கு நோய் வராது என்று எதுவும் சொல்லவில்லை. மிஞ்சிப்போனால், மிதமான அசைவு எங்கிருந்து வந்தாலும் நல்லது என்று சொல்லலாம். ஏழ்மையும் பீடியும்தான் உண்மைக் காரணம் என்றால், அவை இரண்டும் படகிலேயே ஏறி வருகின்றனவே. நோய் உழைப்பால் வந்ததா, உழைப்போடு வந்ததா என்பது ஆராய்ச்சியாளருக்கு முக்கியம். அடைபட்ட ரத்தக் குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உழைப்பு நாள்தோறும் நடக்கிறதா? பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்பது நெடுங்கால ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். புயல் எச்சரிக்கை நாட்கள் தனி. மூன்று நாள் உயிரைக் கொடுத்து இழுப்பதும் நான்கு நாள் மரத்தடியில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுமாகப் போகிற வாரத்தை எந்த மருத்துவரும் சீரான உடற்பயிற்சி என்று எழுதித் தர மாட்டார். பெண்களைப் பற்றியோ இந்தக் கூற்று நினைப்பதே இல்லை. கருவாடு காயப்போடுவதும், நண்டை அவித்துச் சதை எடுப்பதும் குனிந்தோ உட்கார்ந்தோ செய்யும் வேலைகள். முதுகையும் முழங்காலையும் வாங்கும், இதயத்துக்கு ஒன்றும் தராது.

உழைப்பு காப்பாற்றும் என்றால் அதைக் காட்டியிருக்க வேண்டிய ஊர் பின்லாந்தின் கிழக்கில் உள்ள வட கரேலியா. பனிக்காட்டில் மரம் வெட்டுகிறவர்களும் குடியானவர்களும் வாழ்ந்த பகுதி. நெஞ்சுரத்திலும் தசை வலுவிலும் நம் கடல்காரர்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்ல. 1960-களில் உலகிலேயே இதய நோயால் ஆண்கள் மிக அதிகமாக இறந்த இடங்களில் ஒன்று அது. நாற்பது வயதில், ஐம்பது வயதில், கோடாலியைக் கீழே வைத்த கையோடு செத்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. அது மரவெட்டிகளை ஓடச் சொல்லவில்லை. வெண்ணெயையும் உப்பையும் குறைக்கச் சொன்னது, சிகரெட்டை விடச் சொன்னது, ரத்த அழுத்தத்தை அளந்து மருந்து கொடுத்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் இறப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கோடாலி செய்யாததைத் தட்டில் செய்த மாற்றமும் கையில் கட்டிய கருவியும் செய்தன.

அடுத்த கால், மீன். மீன் நல்ல உணவு. சாளையும் நெத்திலியும் இதயத்துக்கு உகந்த கொழுப்பைத் தருகின்றன, விலையும் கம்மி. ஆனால் கடற்கரைத் தட்டில் மீன் தனியாக வருவதில்லை. மலைபோல் வெள்ளைச் சோறு வருகிறது. இந்தியர்களின் உணவு ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக ஐ.சி.எம்.ஆர். - இன்டியாப் ஆய்வு சொல்கிறது. மீன் இல்லாத நாளில் கருவாடு வருகிறது. படகில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் சுட்ட கருவாடும்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது. தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். சராசரி இந்தியர் இப்போதே அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தின்கிறார். வியர்வையில் உப்பு போய்விடும், ஆகவே கூடத் தின்னலாம் என்ற சமாதானத்தை ஜப்பானின் அகிதா மாநிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீன் தின்னும் நாடு, வயலில் முறிந்து உழைக்கும் ஜனம். 1950-களில் அங்கே உப்பிட்ட மீன், ஊறுகாய், மிசோ எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 25 கிராமுக்கும் மேல் உப்பு உள்ளே போனது. பக்கவாத இறப்பில் ஜப்பானிலேயே முன்வரிசையில் இருந்த இடமும் அதுதான். 1951 முதல் 1980 வரை ஜப்பானில் இறப்புக்கு முதல் காரணமே பக்கவாதம். உப்பைக் குறைக்கும் பிரசாரமும் ரத்த அழுத்தச் சோதனையும் ஊர் ஊராகப் போன பிறகே அது இறங்கியது. மீனில் இருக்கும் நன்மையை உப்பு தின்றுவிடுகிறது. கருவாட்டை விடச் சொல்லவில்லை. இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வைத்தாலே உப்பு கணிசமாகக் குறையும்.

தாத்தா வாதம் பாசத்திலிருந்து வருவதால் அதை மெதுவாகத்தான் தொட வேண்டும். 1941-51 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டியிருந்தது. இன்று 70-ஐ ஒட்டியிருக்கிறது. அந்த 32-க்குள் பச்சிளம் பிள்ளைகளின் சாவு பெருமளவு கலந்திருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் தொண்ணூறு வரை இருந்த தாத்தா நினைவில் நிற்கிறார், நாற்பதில் 'திடீர்னு நெஞ்சடைச்சு' போன அவருடைய தம்பியின் பெயர்கூட வீட்டில் பலருக்குத் தெரியாது. போனவர்களை எண்ணாமல் இருந்தவரை மட்டும் எண்ணினால் எந்தக் காலமும் பொற்காலமாகத்தான் தெரியும். மேலும் அந்தத் தாத்தா துடுப்புப் போட்டார், பாய் விரித்தார், மழை பொய்க்கும் இந்தச் சீமையில் கேப்பையும் கம்பும் தின்றார். பேரன் எஞ்சினைத் தட்டிவிடுகிறார், ரேஷன் அரிசி தின்கிறார், ஒரு நாளைக்கு ஐந்தாறு கிளாஸ் சர்க்கரை போட்ட டீ குடிக்கிறார். தாத்தாவின் உடம்பைப் பேரன் சொத்தாகப் பெறலாம், தாத்தாவின் நாளைப் பெற முடியாது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, 'ஏதாவது இருந்தா உடம்பே சொல்லிடும்' என்ற நம்பிக்கை. காய்ச்சல் சொல்லும், புண் சொல்லும். ரத்தக் கொதிப்பு சொல்லாது. தலை சுற்றலோ வலியோ இல்லாமல் பத்து ஆண்டு குழாய்களை அரித்துவிட்டு ஒருநாள் வாயைக் கோணச் செய்யும். வலுவான உடம்புக்காரருக்கு இது இன்னும் கேடு. பாரம் தூக்க முடிகிற வரை தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் நினைப்பார். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு, துல்லியமாகச் சொன்னால் 33.9 சதவீதம் பேருக்கு, ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே. நூறு நோயாளிகளில் தொண்ணூற்று மூன்று பேர் அன்று கட்டில்லாமல் திரிந்தார்கள். தொண்டியின் கடற்கரை இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இரவெல்லாம் கடலில் கிடந்தவனைக் காலையில் எட்டு கிலோமீட்டர் நடக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். நியாயமான கோபம். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் அரசு தொடங்கிய 8 கிலோமீட்டர் நடைபாதைகள் மேசையில் வேலை பார்ப்பவருக்குப் பொருந்தும். மடி இழுத்து வந்தவருக்கு அன்று தேவை தூக்கம்தான், அதை யாரும் கெடுக்கக் கூடாது. நடை, கடலுக்குப் போகாத நாளுக்கு. முதுகை நிமிர்த்தும் பயிற்சியும் அந்த நாட்களுக்குத்தான். ஆனால் நடையைவிட முதலில் வர வேண்டியது அளவு. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர்கள் கதவைத் தட்டும் பகல் நேரத்தில் கடல்காரர் படகில் இருக்கிறார், இல்லையென்றால் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறார். சீட்டில் எழுதப்படுவது மனைவியின் அளவும் மாமியாரின் அளவும்.

ஆகவே கருவி அவர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். விசைப்படகுக்கு மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒரு மேசை, ஒரு பிரஷர் கருவி, ஒரு செவிலியர் போதும். டோக்கன் வாங்க வருகிறவரும் அவரோடு வரும் ஆட்களும் இரண்டு நிமிடம் கை நீட்டினால் முடிந்தது. அளவு கூடியிருந்தால் ஒரு மாத மாத்திரையை அங்கேயே கொடுத்துவிடலாம். தடைக்காலத்தில் இது இன்னும் சுலபம். ஏப்ரல் 15-ல் படகுகள் கரையேறிவிடும், ஜூன் 14 வரை ஆட்கள் ஊரில்தான். வலை பொத்தும் நிழல்களிலேயே மேசையைப் போடலாம். ஒருவருக்கு முதல் அளவு எடுத்து, மாத்திரை தொடங்கி, ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்க 61 நாள் தாராளமாகப் போதும். ஊர்க் கமிட்டியும் மீனவர் சங்கமும் பள்ளிவாசல், கோயில், சர்ச் பெரியவர்களும் ஒரு வார்த்தை சொன்னால் வராதவர்களும் வருவார்கள். அடுத்த தடைக்காலம் தொடங்கும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்திடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.