ரெண்டு இஞ்ச் உயரம், யாருக்காக?

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு என் வகுப்பில் ரெண்டு மூணு பேர் என்னோடு பேசாமல் போகலாம். பரவாயில்லை, எப்படியும் இன்டர்னல் டெஸ்டுக்கு முந்தைய நாள் நோட்ஸ் கேட்டு வருவார்கள் :)

போன மாதம் காலேஜ் வாசலில் ஒரே கூட்டம். நண்பன் ஒருவனுக்கு அவன் அப்பா தார் ஜீப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வாங்கி மூணு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் "லிஃப்ட்" பண்ணிக் கொண்டு வந்துவிட்டான். பின்பக்கம் ரெண்டு இஞ்ச், முன்பக்கம் மூணு இஞ்ச். முன்பக்கம் தூக்கினால்தான் கெத்தாம். அதற்கு அவன் கொடுத்த காசில் நான் ஒரு வருட ஃபீஸ் கட்டிவிடுவேன். எல்லோரும் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் எடுத்தேன்.

"எதுக்குடா இது?" என்று கேட்டேன்.

"ஆஃப்ரோடு மச்சி."

அவன் வீட்டிலிருந்து காலேஜுக்கு 11 கிலோமீட்டர். 11 கிலோமீட்டரும் தார் ரோடு. வண்டி பெயரும் தார், ரோடும் தார். இதில் ஆஃப்ரோடு எங்கே வருகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நம் ரோடு மோசம், ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும் என்று ஒரு வாதம் வரும். கணக்குப் பார்ப்போம், காமர்ஸ் படிப்பதற்கு வேறு என்ன பிரயோஜனம்? இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வளைவான வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் ஊரில் அளவு பார்க்காமல் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிறார்களே, அதை 15 என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து வரும்போதே தாருக்குத் தரையிலிருந்து இடைவெளி 226 மில்லிமீட்டர், அதாவது 22.6 சென்டிமீட்டர். மாருதி ஆல்டோவே தாண்டிப் போகிற தடைக்கு உனக்கு எதற்கு ஏணி?

சரி, நிஜமாகவே காட்டுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது உதவுமா? இங்கேதான் வேடிக்கை. தாரின் பின்பக்கம் ஒரே அச்சு. அதன் நடுவில் குடம் மாதிரி தொங்குகிறதே டிஃபரன்ஷியல், பின்னால் பாறையில் முதலில் இடிப்பது அதுதான். ஸ்பிரிங்கில் ஸ்பேசர் வைத்தால் அச்சுக்கு மேலே இருக்கும் உடம்புதான் ஏறும். அச்சும் டிஃபரன்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்.

அதோடு முடியவில்லை. ஸ்பேசரை வைத்துவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டால், சக்கரம் கீழே இறங்கக்கூடிய தூரம் குறைந்துவிடுகிறது. பள்ளத்தில் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டிய சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும். காட்டுக்காகச் செய்த வேலை காட்டிலேயே காலை வாருகிறது.

டயரை மாற்றினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. 255/65 ஆர் 18க்குப் பதில் 265/70 ஆர் 18 போட்டால் விட்டம் சுமார் 4 சென்டிமீட்டர் கூடும். அச்சு ஏறுவது அதில் பாதி, 2 சென்டிமீட்டர். ஆனால் ஸ்பீடாமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். 80 என்று காட்டும்போது நீங்கள் போவது 84.

அடுத்து, உயரமாக உட்கார்ந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. வண்டி கவிழும் அபாயத்தைக் கணிக்க அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு எளிய கணக்கை வைத்திருக்கிறது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். விடை குறையக் குறைய வண்டி சீக்கிரம் கவிழும். உதாரணத்துக்கு அகலம் 150 சென்டிமீட்டர், எடை மையம் 70 என்று வையுங்கள். விடை 1.07. லிஃப்ட் பண்ணியதில் எடை மையம் 4 சென்டிமீட்டர் ஏறினால் 1.01. கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவில் நண்பர்கள் நாலு பேர் கத்திக்கொண்டு வரும்போது அந்தச் சின்ன வித்தியாசம் சின்னதாக இருக்காது.

"என் வண்டி, என் காசு, கவிழ்ந்தா நான்தானே" என்பான். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் கவிழ்வது எப்போதும் அவன் மட்டும் இல்லை.

நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம். அப்பா விடியற்காலை நாலு மணிக்கு மல்லிகைப் பூ மூட்டையை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். லீவு நாளில் நானும் பின்னால் தொற்றிக்கொள்வேன். தை மாதம் ஒரு நாள், எதிரே ஒரு ஜீப். டிம்மில்தான் வந்தது, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எங்கள் முகத்தில் விழுந்தது. அப்பா பிரேக் பிடித்தார், வண்டி மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்குக் காலில். பூ பாதி ரோட்டில். ஜீப் நிற்கவில்லை. தாண்டிப் போகும்போது பார்த்தேன், முன்பக்கம் நன்றாகத் தூக்கிவிட்ட வண்டி.

இதற்கும் கணக்கு இருக்கிறது. டிம் வெளிச்சம் மீட்டருக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் கீழே இறங்குகிற மாதிரிதான் பொதுவாக வைப்பார்கள். தாரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 245 சென்டிமீட்டர். பின்பக்கத்தை விட முன்பக்கத்தை ஒரு இஞ்ச், அதாவது 2.5 சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்கினால் மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். இருந்த இறக்கம் அத்தனையும் போச்சு. டிம்மே பிரைட் ஆகிவிட்டது. ஓட்டுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது, அவனுக்கு ரோடு பளிச்சென்று இருக்கும்.

எங்கள் எகனாமிக்ஸ் வகுப்பில் எக்ஸ்டர்னாலிட்டி என்று ஒரு பாடம். லாபம் ஒருவனுக்கு, செலவு சம்பந்தமே இல்லாத இன்னொருவனுக்கு. பரீட்சையில் எல்லோரும் சாயப்பட்டறை உதாரணம் எழுதினோம். நான் இதை எழுதியிருக்கலாம்.

மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் தகவல் உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு 2023 நவம்பரில் ஒரு முடிவை வெளியிட்டது. பானட்டின் முன்முனை 40 இஞ்சுக்கு மேல் இருக்கும் வண்டி மோதினால், 30 இஞ்சுக்குள் சரிவான முகம் உள்ள வண்டியை விட, நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். காலில் படவேண்டிய அடி நெஞ்சில் படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்துக்கு அடிப்படை முழு நம்பிக்கை என்று பிசினஸ் லாவில் உருப்போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? முக்கியமான மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், வண்டிக்கு க்ளெய்ம் கேட்கும்போது தகராறு வரும்.

எல்லோரையும் திட்டவில்லை. எஸ்டேட்டில் தினமும் பாறையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு உயரம் தேவைப்படலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஒருமுறை ஜீப்பில் போனேன். டிரைவர் அண்ணன் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, லோ கியரில், சக்கரத்தை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து ஏற்றினார். அந்தக் கைப்பழக்கத்தை எந்தக் கடையிலும் ஸ்பேசராக விற்பதில்லை.

விழுந்ததற்கு மறுநாள் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஜீப்காரன் மேல தப்பு இல்லடா, எனக்குத்தான் கண்ணு மங்கிடுச்சு." ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா இன்னும் நம்பவில்லை. எதிரே வெளிச்சம் வந்தால் இப்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டி நின்றுவிடுகிறார்.

பி.கு.: ஏற்கனவே லிஃப்ட் பண்ணியவர்களுக்கு. கழற்ற மனசு வராது, தெரியும். இன்று ராத்திரி சமதரையில் ஒரு சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கு இருக்கும் உயரத்தை விட 5 சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் மெக்கானிக்கிடம் சொல்லி விளக்கை இறக்குங்கள். ஒரு ஸ்க்ரூ திருப்புகிற வேலை. என் நண்பனிடமும் சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம் மச்சி" என்றிருக்கிறான்.