வண்டிப் பாடம் 7: பின்பக்கம் நிமிர்ந்தா போதுமா?

ஏர் பேக்னு சொன்னதும் ஸ்டியரிங்குக்குள்ளேருந்து வெடிச்சு வர்ற பையை நினைச்சுக்காதீங்க மக்களே. இது வேற. பிக்கப் ட்ரக்கோட பின் அச்சுக்கும் மேல இருக்கற சட்டத்துக்கும் நடுவுல, ஸ்பிரிங் பட்டைக்குத் துணையா உட்கார்ற ரப்பர் பை.

இங்க அமெரிக்காவுல கோடை வந்தாச்சுன்னா ட்ரக் முதுகுல கேம்பரை ஏத்திக்கிட்டு குடும்பத்தோட மலைப்பக்கம் கிளம்பிடுவாங்க. கேம்பர்னா கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் வச்ச குட்டி வீடு. அத்தனை கனம் ஏறினதும் ட்ரக் பின்னால குந்திடும். ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். கனம் பின் அச்சையும் தாண்டி இருந்தா முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும்.

பைக்குக் காத்தடிச்சா வண்டி நிமிர்ந்துடும். பெரும்பாலான பைகளுக்கு 5லேருந்து 100 பிஎஸ்ஐ வரைதான் கணக்கு. இடது, வலதுக்குத் தனித்தனிக் குழாய் போடறதுதான் நல்லது. ஒரே குழாயில இணைச்சா, வளைவுல திரும்பும்போது அமுங்கற பையிலேருந்து காத்து அடுத்த பைக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும்.

இதுவரைக்கும் சரி. இனிமேதான் வில்லங்கமே! வண்டி நேரா நிக்குதே, அப்ப கனம் தாங்கும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. பை கனத்தைக் குறைக்காது. அச்சு, டயர், பிரேக் எல்லாம் அதே பழைய சரக்குதான். எவ்வளவு ஏத்தலாம்னு ஓட்டுநர் கதவோரத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பை மாட்டினா அந்த எண் மாறாது.

ஒரு கணக்கு போடுவோமா? ஸ்டிக்கர்ல 3,200 பவுண்டு. காலி கேம்பர் 2,600. "அட, 600 மிச்சம்!" அவசரப்படாதீங்க. 40 கேலன் தண்ணி 330 பவுண்டு. ரெண்டு ஆள் 320. கேஸ், பேட்டரி, சாப்பாடு, துணிமணி 450. மொத்தம் 3,700. 500 பவுண்டு கூடுதல்! ஆனா பையில காத்து இருக்கறதால வண்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும். குந்தியிருந்தா அதுவே ஒரு எச்சரிக்கை. அதையும் பை மறைச்சுடுது.

கொலராடோவுல ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைத் தாண்டி சில்வர்தார்ன் பக்கம் இறங்குதே, அங்க 100 அடிக்கு 7 அடி இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிக்கறதுக்குன்னே ஓரத்துல தனிப் பாதை வெட்டி வச்சிருக்காங்க. அந்த இறக்கத்துல உங்களை நிறுத்த வேண்டியது பிரேக். பை இல்லை.

அதனால முதல்ல தண்ணி, ஆளு, சாமான் எல்லாத்தோடயும் ட்ரக் ஸ்டாப் எடைமேடைக்குப் போங்க. முன் அச்சுல எவ்வளவு, பின் அச்சுல எவ்வளவுன்னு தனித்தனியா சீட்டு குடுப்பாங்க. ஸ்டிக்கர், டயர் ரெண்டோட அளவுக்குள்ளயும் இருந்தா தாராளமா பை மாட்டுங்க, பயணம் சொகமா இருக்கும். தாண்டிடுச்சா? சாமானைக் குறைங்க, இல்ல பெரிய ட்ரக் பாருங்க.

அடுத்த பாடம் டயர். வரட்டா?