பஸ் ஏறினால்தான் பேச்சு வருமா?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற பஸ்ஸும் சேலத்துக்குப் போகிற பஸ்ஸும் பிரிகிற ஊர் உளுந்தூர்பேட்டை. இங்கிருந்து எந்தப் பெரிய ஊருக்கும் பஸ் கிடைக்கும். ஆனால் திக்கிப் பேசுகிற பிள்ளைக்கு வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், கூலி வேலைக்குப் போகிற தாய் எத்தனை நாளைக்குப் பஸ் ஏறுவாள்? ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டார் தங்களையே தேற்றிக் கொள்கிறார்கள். பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகிறான். கல்வராயன் மலைப் பிள்ளைகளின் நிலையைக் கேட்கவே வேண்டாம்.

பயிற்சியை ஊருக்குக் கொண்டு வர முடியாதா? முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சு, செவித்திறன் துறையினர், நமக்குப் பக்கத்து மாவட்டங்களான திருவண்ணாமலையிலும் கடலூரிலும், உதடு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து அவர்கள் மூலமாகவே பேச்சுப் பயிற்சி அளித்தார்கள். கிராமத்தில் நின்ற வேனில் இருந்த பச்சிளங் குழந்தையின் செவித்திறனை செயற்கைக்கோள் இணைப்பில் தொலைவிலிருந்தே சோதித்து, 2013-ல் ஆய்வு இதழில் வெளியிட்டவர்களும் இதே துறையினர்தான்.

பள்ளிக்கூடத்தில் என்ன வேண்டும்? சத்தமில்லாத ஓர் அறை, கம்ப்யூட்டர், ஹெட்போன், அறுபடாத இணையம், பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள். அந்த ஆள்தான் முக்கியம். இணைப்பு மோசமானால் சகரம் வெறும் இரைச்சலாகக் கேட்கும்; நாக்கு எங்கே தொடுகிறது என்பது திரையில் தெரியாது. கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவதும், அடுத்த வாரம் வரை பயிற்சியை விடாமல் செய்ய வைப்பதும் அருகில் இருப்பவர் வேலை. பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் நேரில் பார்த்துவிட வேண்டும். வீட்டில் உருது பேசும் பிள்ளையைத் தமிழில் மட்டும் சோதித்துக் ‘குறை’ என்று எழுதிவிடவும் கூடாது.

இனி சட்டத்துக்கு வருவோம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் வரையறையைப் படித்துப் பாருங்கள்! குரல்வளை அகற்றப்பட்டவர், மூளை பாதிப்பால் பேச்சிழந்தவர் போன்றோரின் நிரந்தரக் குறைபாட்டைத்தான் அது சொல்கிறது. திக்கிப் பேசும் பிள்ளையும் எழுத்து மாற்றி உச்சரிக்கும் பிள்ளையும் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. 40 சதவீதச் சான்றிதழ் கொண்டு வா என்றால் இவர்கள் எங்கே போவார்கள்? நேரத்தோடு கவனித்தால் நன்றாகத் தேறக்கூடியவர்கள் இந்தப் பிள்ளைகள்தானே!

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அங்கே இதற்கென்றே பேச்சுப் பயிற்சியாளர்களை அரசு நியமிக்கட்டும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் லேப்களை வாரத்தில் சில மணி நேரம் சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறந்து விடட்டும். இணையம் எட்டாத மலைக் கிராமங்களுக்கு மாதம் ஒருமுறையாவது பயிற்சியாளரே நேரில் போகட்டும். பிள்ளையைச் சேர்க்கச் சான்றிதழ் கேட்க வேண்டாம். வகுப்பு ஆசிரியரின் ஒரு கடிதம் போதும் என்று அரசாணை போடுங்கள்.