அந்தியில் மங்கும் கடிகாரம்

ஒரு கருவியின் தகுதியை அதன் தேவை மிகும் வேளையிலேதான் அளந்தறிதல் வேண்டும். குடையின் தகுதி மழையிலும், தோணியின் தகுதி நடுக்கடலிலும் விளங்கும். விளக்கைப் பட்டப்பகலில் ஏற்றி அதன் சிறப்பை ஆராய்வார் எவருமிலர். இவ்வெளிய நியாயம், இன்று நம்முட் பலருடைய மணிக்கட்டிலே வீற்றிருக்கும் புதுமைக் கருவி ஒன்றின் வகையில் மறக்கப்பட்டுவிட்டது. கடைவீதியில் ஸ்மார்ட் வோச் என்றும், எழுத்துவழக்கில் திறன்கடிகாரம் என்றும் வழங்கும் கைக்கடிகாரத்தையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன். உச்சி வெயிலில் அதன் முகம் பளிச்சிடுகின்றது. பொழுது சாய்ந்ததும் மங்கிப்போகின்றது. கண்ணுக்குத் துணை வேண்டாத வேளையில் உடனிருந்து, துணை வேண்டிய வேளையிற் கைவிடுவது நல்ல நட்பாகாது. நல்ல கருவியும் ஆகாது.

விழா மலரொன்றில் எழுதத்தக்க பொருளா இஃது என வினவுவார் உளர். அவர்கள் ஒருநாள் மாலை ஆறேகால் மணியளவில் கொள்ளுப்பிட்டிப் புகையிரத நிலையத்தில் நின்று பார்ப்பார்களாக. ஒருபுறம் கடல், மறுபுறம் நகரம். மேற்கு வானின் செம்மை மறைந்துகொண்டிருக்கும். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் செல்லும் வண்டியை எதிர்நோக்கி நிற்போரில் நரைதலையர் சிலர் கையை உயர்த்துவர், மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்புவர், மறுகையாற் கவித்துப் பார்ப்பர், ஈற்றில் அருகில் நிற்கும் இளைஞனிடம், "தம்பி, மணி என்ன?" என்று கேட்பர். இருதயத் துடிப்பை எண்ணவும், நடந்த அடிகளைக் கணக்கிடவும், அணிந்தவர் வீழ்ந்தால் உற்றாருக்குச் செய்தி அனுப்பவும் வல்ல கடிகாரம் அவர்தம் கையிலே இருக்கின்றது. மணியை மாத்திரம் அயலவர் சொல்லவேண்டியிருக்கின்றது.

இக்கடிகாரங்களிற் பல, ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் பிள்ளைகள் பெற்றோருக்கு அன்போடு அனுப்பியவை. தனித்திருக்கும் தாய்தந்தையர் வேளை தவறாது மருந்துண்ண வேண்டும் என்னும் கவலை அவ்வன்பளிப்பின் பின்னே நிற்கின்றது. இரவிலே நோயாளியின் படுக்கையருகிருந்து அடுத்த வேளை மருந்துக்குக் காத்திருக்கும் மனைவிக்கும், மாரிக்காலப் பிற்பகலில் மின்சாரம் தடைப்பட்ட பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்யும் ஆசிரியருக்கும் மணியறிதல் அற்ப விடயமன்று. யான் அணிவதும் இவ்வினக் கடிகாரமே. அதனைச் செய்தோர் பெயர் இங்கு வேண்டா. குறை ஒருவருடையதன்று, ஒரு போக்கினுடையது.

இருளில் நேரமறியும் தேவை புதியதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டிற் பாசறையின் இரவு வருணிக்கப்படுகின்றது. அணையும் விளக்குகளை மகளிர் மீண்டும் மீண்டும் ஏற்றுகின்றனர். நாழிகைக் கணக்கர் சிறு நீர்க்கடிகையை நோக்கி, கழிந்த பொழுதை அரசனுக்கு வாயாற் சொல்லுகின்றனர். காலத்தைக் காட்டுவதோடு, காண்பதற்கு வேண்டிய ஒளியையும், காண இயலாதவிடத்துச் செவிவழி அறிவிக்கும் வழியையும் ஒருங்கே அமைத்திருந்தனர் அக்காலத்தார். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மணியோசையைக் கேட்டுப் பொழுதறியும் வழக்கமும் இம்மரபைச் சேர்ந்ததே.

மேனாட்டார் இத்தேவைக்காகக் கொடுத்த விலை பெரிது. 1898-இற் கியூரி தம்பதியர் கண்டறிந்த இரேடியத்தைச் சேர்த்துச் செய்த ஒளிப்பூச்சு, முதலாம் உலகப் போர்க்காலத்திற் பதுங்குகுழிகளிலிருந்த போர்வீரருடைய கடிகார முகங்களில் இடம்பெற்றது. அதனைத் தீட்டிய அமெரிக்க இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டாற் கூராக்குமாறு பழக்கப்பட்டனர். நஞ்சு எலும்பிற் புகுந்து பலர் மாண்டனர். நியூ யேர்சி மாநிலத்தில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் இணக்கத்தில் முடிந்தது. தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் சட்டங்களுக்கு அவர்களுடைய துன்பமும் ஒரு வித்தாயிற்று.

பின்னர் வந்தவர்கள் தீங்கற்ற வழிகளை நாடினர். 1992-இல் ரைமெக்ஸ் நிறுவனம் பொத்தானை அழுத்தியதும் முகம் முழுவதும் மெல்லொளி பரவும் கடிகாரத்தை வெளியிட்டது. 1993-இல் யப்பானியர், கதிரியக்கம் இன்றியே இரவில் ஒளிவிடும் புதுப் பூச்சொன்றைக் கண்டனர். எனவே, மலிவான கடிகாரமும் இருளில் மணிகாட்டும் நிலை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே எய்தப்பட்டுவிட்டது. விலையும் விவேகமும் மிக்க இன்றைய கடிகாரம் அந்நிலையினின்று ஏன் வழுவிற்று?

இதற்குக் காரணம் திரையின் அமைப்பிலே உளது. திறன்கடிகாரத் திரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகைத் திரை புறவொளியை வாங்கித் திருப்பியனுப்பி எழுத்தைக் காட்டுவது. 2013-இல் வெளிவந்த பெபிள் கடிகாரமும், கார்மின் நிறுவனத்தின் கடிகாரங்கள் பலவும் இவ்வகையின. வெயில் ஏற ஏற எழுத்துத் தெளியும். பற்றரியும் பல நாட்களுக்கு நிற்கும். ஆயின் வெயில் இறங்க எழுத்தும் இறங்கிவிடும். அப்பொழுது பின்விளக்கு வேண்டும். அதுவோ சில செக்கன்களில் அணைந்துவிடுவது வழக்கம்.

மற்றவகைத் திரை தானே ஒளிவிடுவது. இதில் ஒளியுணரி என்னும் சிறு கண் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். புறவொளி மிகுந்தால் அது திரையைச் சுடரச் செய்யும். குறைந்தால் மங்கச் செய்யும். திரையின் ஒளியை நிற் என்னும் அலகால் அளப்பர். 2023-இல் வெளிவந்த அப்பிள் கடிகாரத்தின் ஒன்பதாம் வரிசை, வெயிலில் 2000 நிற் வரை உயரவும், இருண்ட அறையில் 1 நிற் வரை தாழவும் வல்லது என அந்நிறுவனம் அறிவித்தது. உயரவும் தாழவும் வல்லதாயிருத்தல் சிறப்பேயாகும். எப்பொழுது, எவ்வளவு விரைவில், யாருடைய கண்ணுக்காகத் தாழ்வது என்பதே வினா.

மனிதக் கண் ஒளிமாற்றத்துக்குப் பழகுவது மிக மெதுவாகவே நிகழ்வது. பகலொளியிலிருந்து இருளுக்குச் சென்றால், நிறமும் நுணுக்கமும் காணும் கூம்புக் கலங்கள் பழகுவதற்குப் பத்து நிமிடமளவு செல்லும்; இருளிற் காண உதவும் கோற்கலங்கள் முற்றாகப் பழக அரைமணி நேரமாகும். ஒளியுணரியோ கணப்பொழுதிற் செய்தியறிகின்றது. காலி வீதியின் கடைவிளக்குகளின் கீழிருந்து, கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றினுள் நுழையும் ஒருவரை எண்ணுக. நுழைந்த மாத்திரத்தே கடிகாரம், "இருள் வந்துவிட்டது; இவ்வளவு ஒளி போதும்" என்று தீர்மானித்துவிடுகின்றது. அவர் கண்ணோ இன்னும் காலி வீதியிலேயே நிற்கின்றது. கருவி விரைந்து முடிவு செய்ய, கண் பின்தங்குகின்றது. அந்த இடைவெளியிலேதான் மணி மறைந்துபோகின்றது.

நம் நாட்டின் இருப்பிடமும் இவ்விடரை மிகுவிக்கின்றது. கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை அளவிலே உள்ளது. இங்கே ஞாயிறு செங்குத்தாக இறங்குவதால் அந்தி குறுகியது. ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுதுபட, இருபது நிமிடத்துக்குச் சற்று மேலான காலத்துள் வெளிச்சம் ஒழிந்துவிடும். லண்டனில் அவ்வந்தி அரைமணிக்குக் குறையாது. கோடையில் இன்னும் நீளும். அத்துடன், நம் தெருக்களில் எதிர்வரும் வாகனங்களின் முகப்பு விளக்குகள் சிறிது பழகிய கண்ணையும் மீண்டும் கூசச்செய்கின்றன.

இன்னும் ஒன்று, வயது. நாற்பதைத் தாண்டியதும் அண்மைப் பொருளைக் காணும் ஆற்றல் குறைவது இயற்கை. மங்கலொளியில் கண்மணி விரிய, அணுக்க எழுத்து மேலும் கலங்கித் தோன்றும். முதுமையிலோ கண்மணி இருளிலும் போதிய அளவு விரிவதில்லை, கண்வில்லையும் பழுப்பேறும். அறுபது வயதினரின் விழித்திரையை எய்தும் ஒளி, இருபது வயதினர்க்கு எய்துவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பர் கண்ணியலார். ஆகவே, இளைஞன் ஒருவனுக்குப் போதிய ஒளி அவன் தந்தைக்குப் போதாது. பாட்டிக்கு அது ஒளியேயன்று. ஒளியுணரி அறையின் இருளை அறியும்; அணிந்தவரின் அகவையை அறியாது.

மறுதரப்பின் நியாயத்தையும் கேட்டல் முறை. படமாளிகையிலும், துயில்வோர் நடுவிலும் சுடர்விடும் திரை பிறர்க்கு இடையூறாகும். ஓயாது ஒளிவிட்டாற் பற்றரியும் விரைவில் ஒழியும். 1972-இல் விலைக்கு வந்த பல்சார் என்னும் முதல் மின்னெண் கைக்கடிகாரம், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டுப் பொத்தானை அழுத்தினாலன்றி மணி காட்டவில்லை. மங்குதலே குற்றம் என யான் கூறவில்லை. அணிந்தவரைக் கேளாது மங்குவதே குற்றம் என்கின்றேன். "அமைப்பில் மாற்றிக்கொள்ளலாமே" என்பர். மாற்றும் இடம் பட்டியலுக்குள் பட்டியலாக மறைந்திருக்கின்றது. அங்குள்ள எழுத்தோ இன்னும் சிறியது. திரையைக் காணாதவர், காணும் வழியைத் திரையிலே தேடவேண்டும் என்பது, திறப்பை வீட்டினுள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்று தேடச் சொல்வதனை ஒக்கும்.

ஒளியை எவ்விடத்தினின்று மதிப்பிடுவது என்பதற்கு நம் நகரிலேயே நல்ல சான்றொன்று உளது. கொள்ளுப்பிட்டியிலிருந்து காலிமுகத் திடலைக் கடந்து கோட்டைக்குச் சென்றால், சதாம் வீதியிலே பழைய மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணலாம். 1857-இல் மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்த அது, பின்னர் வெளிச்சவீடாகவும் பணிபுரிந்தது. காலத்தையும் ஒளியையும் ஒருங்கே வழங்கிய கோபுரம் அது. சூழவெழுந்த கட்டடங்கள் அவ்வொளியைக் கடலோடிகளின் பார்வையினின்று மறைத்தபோது, 1952-இல் அவ்விளக்கு நிறுத்தப்பட்டு, கரையோரத்திற் புதிய வெளிச்சவீடு அமைக்கப்பட்டது. விளக்கறையில் நின்று பார்த்தவர்க்குப் பழைய விளக்கிற் குறையொன்றும் தோன்றியிராது. கப்பலின் தளத்தில் நின்றவனுக்கு அது தெரியவில்லை. அதுவே போதிய நியாயமாயிற்று.

ஆகவே, இக்கடிகாரங்களைச் செய்வோரிடம் கேட்கவேண்டியவை சிலவே. இருள் சூழுங்கால் திரை கணத்தில் மங்காது, கண்ணின் நடைக்கேற்பப் படிப்படியாக மங்குக. பக்கத்துப் பொத்தான் ஒன்றை ஒருமுறை அழுத்தினால், தடித்த பேரெண்ணில் மணி தெளிவாகத் தோன்றுக. விளம்பரத்திலே வெயிலொளியின் பேரெண்ணை மாத்திரம் பொறிக்காது, அந்தியொளியில் எழுத்து எவ்வளவு தெளியும் என்பதையும் பொறிக்க. இவற்றுள் முதலிரண்டும், தானே ஒளிவிடும் திரைக்குப் புதுப்பொருள் எதையும் வேண்டுவன அல்ல; உள்ளிருந்து இயக்கும் நிரலிலே சிறு திருத்தம் போதும்.

வாங்குவோர்க்கும் ஒரு கடமையுண்டு. கொள்ளுப்பிட்டிச் சந்தியை அண்டிய கடைகளிலே பகலினும் மிக்க விளக்கொளி. அவ்வொளியிற் பார்த்து மயங்காது, கடிகாரத்தை மேசையின் கீழே பிடித்துச் சற்றுநேரம் பார்த்தல் வேண்டும். பெற்றோருக்கு வாங்கும் பிள்ளை, தன் கண்ணாற் பார்த்து வாங்காது, இயலுமாயின் அவர்தம் கண்ணுக்குக் காட்டி வாங்குதல் நன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு இது. 2025 பெப்ரவரி 9-ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது. விளக்கு எப்பொழுதும் எரியும் என்று எண்ணிக் கருவி செய்தலும் வாங்குதலும் நமக்குப் பொருந்தா.

மாணவர்க்கு ஒரு சொல். உங்களுட் சிலர் நாளை மொறட்டுவையிலோ பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிலோ பொறியியல் பயின்று, இத்தகைய கருவிகளை ஆக்குவோரும் அவற்றுக்கு நிரல் எழுதுவோரும் ஆவீர்கள். ஆசிரிய கலாசாலையிற் பயிலும் எவர்க்கும் முதலிற் புகட்டப்படும் பாடங்களுள் ஒன்று: கரும்பலகையில் எழுதியபின் வகுப்பின் பின்வாங்கு வரை நடந்துசென்று, அங்கிருந்து திரும்பிப் பார்த்தல். எழுதியவனுக்குத் தன் எழுத்து எப்பொழுதும் தெளிவாகவே தோன்றும். மழைமேகம் கவிந்த பிற்பகலில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு அது தெரிகின்றதா என்பதே கேள்வி. நீங்கள் ஆக்கும் பொருளையும் ஒருமுறை அவ்வாறு பின்வாங்கிலிருந்து பாருங்கள். அவ்வாங்கில் உங்கள் தாய்தந்தையர் அமர்ந்திருக்கக் காண்பீர்கள்.