வயலே பள்ளி ஆகிவிடுமா?

"பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பலை சார், வயலே போதும்" என்று தாம்பரம் பக்கம் விவசாயத்துக்கு வரும் இளம் பெற்றோர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மணிமங்கலத்தில் எங்கள் கால் ஏக்கர் கத்தரிக்கு ஜீவாமிர்தம் கலக்க எட்டு வயதுப் பேரன் ஆறே மாதத்தில் பழகிவிட்டான். "ஏக்கருக்கு 200 லிட்டர்னா நமக்கு எவ்வளவுடா?" என்றேன். முழித்தான். தப்பு என்னுடையது.

வங்கியில் அன்றன்றைய கணக்கை முடிக்காமல் நான் கிளம்பியதில்லை. பாடமும் அப்படித்தான். பாடத்திட்டத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தமிழக அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு.

இப்போது காலையில் ஒன்றரை மணி நேரம் வாசிப்பும் கணக்கும், அப்புறம்தான் வயல். 10 கிலோ சாணத்தில் கால் பங்கு இரண்டரை கிலோ, 2 கிலோ நாட்டுச்சர்க்கரையில் அரை கிலோ. வகுத்தல் அங்கேயே வந்துவிடுகிறது. இரவில், அன்று கற்றதை அவனே நோட்டில் எழுதணும்.

1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியே பாடம் என்றது. பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ரசாயனத்தை நிறுத்தினால் மட்டும் இயற்கை விவசாயம் ஆகிவிடாது, நமக்குத் தெரியும். பள்ளியை நிறுத்தினால் மட்டும் வீட்டுக்கல்வியும் ஆகிவிடாது.