ஜாக்கி வைத்துத் தூக்கு என்கிறார்கள்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், திருவேற்காட்டில் கூவம் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த தெருக்களில் கீழ்த்தளத்துக் குடும்பங்களுக்குத் தூக்கமில்லை. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைக்கிறார்கள். அரிசியைப் பரணில் ஏற்றுகிறார்கள். வாசலில் மணல் மூட்டை அடுக்கினால், தண்ணீர் சாக்கடைக் குழாய் வழியாகக் குளியலறைக்குள் கொப்பளிக்கிறது.

இவர்களுக்கு ஒரு உபதேசம் நடக்கிறது. "தரையை உயர்த்து, முடியாவிட்டால் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கு. சென்னையில் பலர் தூக்கவில்லையா?" என்கிறார்கள்.

தூக்கியிருக்கிறார்கள், உண்மைதான். சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக உயர்த்தி, அடியில் புதிதாகக் கட்டுகிறார்கள். அதற்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் காண்டிராக்ட் கூலியாக இருக்கும் தொழிலாளி எதைத் தூக்குவான்? அவன் இருப்பது வாடகை வீடு. சொந்தமாக வாங்கியவனும் அடுக்குமாடிக் கட்டிடத்தில் தன் தளத்தை மட்டும் எப்படித் தூக்குவான்?

அது இருக்கட்டும். வீடு ஏன் பள்ளமாயிற்று? வீடு கீழே இறங்கவில்லை, தெரு மேலே ஏறிற்று. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் சில அங்குலம். படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று படி இறங்கிப் போகிறோம். சுரண்டிய பிறகே புதுச்சாலை போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அதுவரை நடந்தது தப்பு என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா? தப்புச் செய்தவன் காண்டிராக்டர். பில்லுக்குப் பணம் கொடுத்தது சர்க்கார். ஜாக்கிக்குப் பணம் கட்டுவது மட்டும் நாமா?

"எல்லாம் இயற்கையின் சீற்றம்" என்று கை கழுவுவதும் பழைய வித்தை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியபோதும் மழையின் மேல்தான் பழி போட்டார்கள். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கையோ அதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது. கூவம் கரையிலும் கதை வேறல்ல. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் மனைக்கட்டாயிற்று. வரத்துக் கால்வாய் மறைந்தது. லாபம் பார்த்தவன் மேட்டில் பங்களா கட்டிக்கொண்டான். அந்த வயல்களில் நாற்று நட்ட விவசாயக் கூலியின் பிள்ளைகள் பள்ளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

ஏரியை மீட்கிறோம் என்று கிளம்பினாலும் முதலில் யார் வீட்டுக்கு நோட்டீஸ்? 2024-இல் இதே திருவேற்காட்டில் கோலடி ஏரிப் பகுதிக் குடியிருப்புகள் மீதுதான் நடவடிக்கை பாய்ந்தது. ஏரி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஏழையைத் தெருவில் தள்ளித்தான் ஏரியை மீட்க முடியும் என்பது பித்தலாட்டம்.

குடித்தனக்காரருக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017-இல் இயற்றி 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், கட்டிடப் பழுதும் குழாய் மாற்றும் வேலையும் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. ஆனால் எழுத்து ஒப்பந்தமே இல்லாத தொழிலாளி ஊறிய சுவரைக் காட்டிக் கேட்டால், "காலி செய்" என்பதே பதில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். நனைந்த மெத்தைக்கும் கெட்டுப்போன கிரைண்டருக்கும் அது காணுமா? ஆலை மூடிய நாட்களின் கூலி எங்கே?

ஆகவே நாம் கோருகிறோம்: சாலை மட்டத்தை உயர்த்தும் காண்டிராக்டருக்குப் பில் பட்டுவாடா கூடாது. கால்வாயை அடைத்த பெரிய மதில்கள் முதலில் இடிபட வேண்டும். ஏழைகளுக்கு அதே வட்டாரத்தில் மாற்று வீடு தராமல் ஒரு குடிசையைக்கூடத் தொடக்கூடாது. ஒவ்வொரு குடித்தனக்காரருக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வெள்ளத்தால் வேலை நின்ற நாட்களுக்கு முழுக் கூலி வேண்டும்.

தோழர்களே! அடுத்த முறை உங்கள் தெருவில் தார் வண்டி வந்து நின்றால், பழைய சாலையைச் சுரண்டினார்களா என்று பாருங்கள். சுரண்டவில்லை என்றால் தெருவே திரண்டு வேலையை நிறுத்துங்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு வாளியோடு தனித்தனியாக நிற்பதைவிட, மழைக்கு முன்பே ஒன்றாகத் தெருவில் நிற்போம்!